சூளையும் திரிகையும்

குரக்கனை ஓரிரவு ஊறவைத்து, துணியிற் கட்டி முளைக்கவிட்டு, வெயிலிற் காயவைத்துத் திரிகையில் அரைத்தெடுத்த மாவின் இனிமையை நம் நாட்டுத் தாய்மார் அறிவர். அம்மாவிற் காய்ச்சிய கூழ், முளையாத குரக்கனின் கூழைக் காட்டிலும் நெகிழ்ச்சியுடையது. சர்க்கரை சேராமலே சற்றுத் தித்திப்பது. பால்குடி மறக்கும் குழந்தைக்கு எளிதிற் செரிப்பது. இதே முறையை ஐரோப்பியர் பார்லி எனப்படும் வாற்கோதுமையிற் கையாண்டனர். முளைகட்டி உலர்த்திய அத்தானியத்துக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் மோல்ட். அதனை நொறுக்கி வெந்நீரிற் கலந்து ஊறவைத்து, இனிப்பு நீரை வடித்து, அந்நீரை நொதிக்கவிட்டுப் பியர் என்னும் பானத்தை அவர்கள் ஆக்கினர். குடியைப் புகழ்வது இப்பேச்சின் நோக்கமன்று. இங்கிலாந்தின் வீட்டு மகளிர் தம் அடுக்களையருகே செய்துவந்த இரண்டு சிறு வேலைகள், அதாவது முளைத்த தானியத்தை உலர்த்துதலும் அரைத்தலும், எவ்வாறு மடாதிபதிகளையும் வரி அதிகாரிகளையும் இரும்புலைக்காரரையும் தம்பால் இழுத்தன என்பதே இங்குக் கூறப்புகும் கதை.

நம் நாட்டுக்கும் அந்நாட்டுக்கும் உள்ள வேற்றுமை வெயிலிலே தொடங்குகிறது. இங்கே பாயை முற்றத்தில் விரித்தால் ஒன்றிரண்டு நாளில் தானியம் காய்ந்துவிடும். அங்கோ மோல்ட் ஆக்கும் பருவம் இலையுதிர்காலத்தில் தொடங்கி அடுத்த வசந்தம் வரை நீளும். மழையும் மூடுபனியும் நிறைந்த அம்மாதங்களில் வெயிலை நம்பி ஈரத்தானியத்தை விரிப்பவன் பூஞ்சணத்தையே அறுவடை செய்வான். ஆகவே நெருப்பு வேண்டும். நெருப்புள்ள இடத்திற் புகையும் உண்டு. அந்தப் புகையை என்ன செய்வது என்ற வினாவே நம் கதையின் உயிர்.

முளைத்த தானியத்தை ஏன் உலர்த்த வேண்டும்? விதையினுள் இருக்கும் மாப்பொருள், முளைவிடும் இளம்பயிருக்கென இயற்கை சேர்த்துவைத்த உணவு. முளைக்கத் தொடங்கியதும் விதையினுள்ளே நொதியங்கள் தோன்றுகின்றன. அவை மாப்பொருளை வெல்லமாக மாற்றவல்லவை. அப்படியே விட்டுவிட்டால் பயிர் அவ்வுணவை உண்டு வளர்ந்துவிடும். மனிதனுக்கு எஞ்சுவது வேரும் உமியுமே. உரிய நேரத்தில் ஈரத்தை அகற்றினால் முளை நின்றுவிடும். நொதியங்களோ சாகாமல் உறங்கும். பின்னர் அரைத்து ஏறக்குறைய 65 பாகை சென்றிகிரேட் வெப்பமுள்ள நீரில் இட்டால் அவை விழித்தெழுந்து, ஒரு மணி நேரமளவில் மாப்பொருளிற் பெரும்பங்கை வெல்லமாக்கிவிடும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. முளைத்த பார்லியில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்களவு நீர் இருக்கும். அதனை ஐந்து பங்களவுக்குக் குறைத்தல் வேண்டும். எடுத்த எடுப்பிலேயே கடுஞ்சூடு கொடுத்தால், ஈரத்தோடு சேர்ந்த வெப்பம் நொதியத்தைக் கொன்றுவிடும். தானியமும் அவிந்து, உள்ளே கண்ணாடிபோல் இறுகிவிடும். முதலில் 50 பாகையை அண்டிய இளஞ்சூட்டில் ஈரத்தின் பெரும்பகுதியைப் போக்கிய பின்னரே 80 பாகைக்கு உயர்த்தலாம். உலர்ந்த தானியத்தில் உள்ள நொதியம் அச்சூட்டைப் பெரிதும் தாங்கும். சோறு வெந்து இறங்கியபின் தணலைத் தள்ளிவிட்டுப் புழுங்கவிடும் அடுக்களைப் பக்குவம் போன்றதொரு பக்குவம் இது; ஆனால் வரிசைதான் தலைகீழ்.

இந்நொதியத்தை 1833ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு வேதியியலறிஞர் பாயன், பெர்சோ என்னும் இருவர் மோல்ட்டினின்று பிரித்தெடுத்து, தயஸ்தேசு எனப் பெயரிட்டனர். ஆயினும் அதற்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தின் கிராமத்தார் இளஞ்சூட்டின் தேவையைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். இதற்குச் சான்று வில்லியம் ஹரிசன் என்னும் பாதிரியார் எழுதிய இங்கிலாந்து நாட்டு வருணனை. எசெக்ஸ் மாவட்டத்து ரட்விண்டர் கிராமத்தில் திருச்சபைப் பணியாற்றிய அவர், முதலாம் எலிசபெத்து மகாராணி காலத்தில், 1577ஆம் ஆண்டில் இந்நூலை வெளியிட்டு, 1587இல் விரித்தும் பதிப்பித்தார். அரசரையும் போரையும் எழுதும் வரலாற்றாசிரியர் பலர் அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஹரிசன் பார்த்தார், அதற்காகவே அவருக்கு நன்றி கூறல் தகும்.

பார்லியை மூன்று பகலும் மூன்று இரவும் தொட்டியில் ஊறவைத்தல், நீரை வடித்துக் குவித்து வைத்தல், முளைவிட்டதும் தரையிற் பரப்பிக் குறைந்தது இருபத்தொரு நாள் கிளறிவருதல் என அவர் படிப்படியாக விவரிக்கிறார். பின்னர் தானியம் சூளைக்குச் செல்லும். சூளை என்றதும் நம் செங்கற்சூளையை எண்ணிவிடலாகாது. கீழே நெருப்பிடம், மேலே சட்டங்களின்மீது விரித்த மயிர்த்துணி, துணியின்மேல் மெல்லியதாகப் பரப்பிய தானியம். இளஞ்சூடு காட்டி, அடிக்கடி புரட்டிக்கொடுத்து உலர்த்த வேண்டும் என்கிறார் ஹரிசன். வேதியியல் பிற்காலத்தில் அளந்து கூறியதை மயிர்த்துணியும் மரத்துடுப்பும் முன்னரே செய்துகொண்டிருந்தன.

சரியாக உலர்ந்ததா என்று அறிய அவர் கூறும் சோதனை மிக எளியது. ஒரு மணியை நடுவே கடித்து இரண்டாக்கி, அதனாற் கோடு இழுத்தால் சுண்ணக்கட்டிபோல் எழுத வேண்டும். நிறமும் புதுமை மாறாத மஞ்சளாய் இருத்தல் வேண்டும். எழுதாமல் வழுக்கும் மணி உலரவில்லை அல்லது உள்ளே இறுகிவிட்டது. வெப்பமானி என ஒன்று இல்லாத காலத்தில் பல்லும் கண்ணுமே கருவிகள்.

எரிபொருளைப் பற்றி ஹரிசன் கூறுவதே நமக்கு முதன்மையானது. சில இடங்களில் விறகு, சில இடங்களில் வைக்கோல், சில இடங்களில் இரண்டும் கலந்து எரித்தனராம். அவற்றுள் வைக்கோல் நெருப்பில் உலர்ந்ததே தலைசிறந்தது. விறகில் உலர்ந்த மோல்ட் பானத்தின் நிறத்தை மிகுப்பதோடு, பழக்கமில்லாதவர்க்குப் புகையினால் தலைநோவையும் தரும் என்று அவர் எழுதுகிறார். கொப்பரா காயவைக்கும் நம் நாட்டார்க்கு இது விளங்காத செய்தியன்று. சிரட்டையை எரித்துக் காயவைத்த கொப்பராவும் பச்சை விறகின் புகையில் வாட்டிய கொப்பராவும் ஒரே விலைக்குப் போவதில்லை. மோல்ட் சூளையிலும் அவ்வாறே. புகை நேராகத் தானியத்தினூடே ஏறிச் செல்வதால், எரிவது எதுவோ அதன் வாசனை ஒவ்வொரு மணியிலும் படிந்துவிடும். வைக்கோலோ மளமளவென எரிந்து அடங்குவது. இரவு முழுவதும் ஒருவர் பக்கத்திலிருந்து கைப்பிடி கைப்பிடியாக இட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல மோல்ட்டின் விலை யாரோ ஒருவருடைய உறக்கம்.

உலர்ந்த தானியத்தின் வேர்முளைகள் பொரிபோல் நொறுங்கும். தேய்த்துப் புடைத்தால் அவை நீங்கிவிடும், மாட்டுக்குத் தீனியாகும். அடுத்தது அரைத்தல். ஹரிசனின் மனைவியும் பணிப்பெண்களும் மாதத்துக்கு ஒருமுறை வீட்டிலே பியர் வடித்தனர். அதற்கு எட்டுப் புசல் மோல்ட்டை அவர்கள் தம் சொந்தத் திரிகையிலேயே அரைத்து, அரைப் புசல் கோதுமைமாவும் அவ்வளவே ஓட்சுமாவும் சேர்த்தார்கள். எட்டுப் புசலைக் கைத்திரிகையில் அரைப்பதென்றால் எத்தனை பெண்களின் தோள்கள் எத்தனை நேரம் நொந்திருக்கும் என்பதைத் திரிகை பிடித்தவர்களே கணக்கிடலாம். ஏன் ஆலைக்கு அனுப்பவில்லை? அதற்கும் பாதிரியார் விடை கூறுகிறார்: சொந்தத் திரிகையில் அரைத்தால் அரைகூலி மிச்சம்.

இச்சிறு சொல்லின் பின்னே பெரியதொரு சரித்திரம் மறைந்து கிடக்கிறது. மத்திய காலத்து ஐரோப்பாவில் நீராலையும் காற்றாலையும் நிலப்பிரபுவின் உடைமை. அவனுடைய குடிகள் தம் தானியத்தை அவன் ஆலையிலேயே அரைத்து, ஒரு பங்கைக் கூலியாக அளந்து கொடுக்க வேண்டும். வீட்டில் திரிகை வைத்திருத்தல் அவன் வருவாயைத் திருடுவதற்கு ஒப்பு. மோல்ட்டோ ரொட்டிமாவுபோல் நுண்ணியதாக அரைபட வேண்டிய பொருளன்று. நன்றாக உலர்ந்திருந்தால் இலேசாக நொறுங்கிவிடும். ஆகவே அதற்கு ஆலையே தேவையில்லை. ஒரு சோடிக் கல் போதும். வீட்டிலே கல்லைச் சுழற்றும் ஆசை வலுத்ததில் வியப்பில்லை.

இங்கிலாந்தின் சென் அல்பன்ஸ் நகரத்தில் இவ்வழக்கு முற்றிக் கைகலப்பாயிற்று. அந்நகரம் அங்குள்ள பெரிய துறவிமடத்துக்கு உட்பட்டது. 1327 முதல் 1336 வரை அங்கு மடாதிபதியாய் இருந்தவர் வாலிங்போட் ஊரினரான ரிச்சட். கொல்லனொருவனின் மகனாகப் பிறந்தவர். கணிதத்திலும் வானியலிலும் வல்லவர். பற்சக்கரங்களால் இயங்கி ஞாயிறு திங்களின் நிலையைக் காட்டும் அரியதொரு மணிக்கூட்டை வகுத்தவர். தொழுநோயால் வாடிய நிலையிலும் கலங்காதவர். விஞ்ஞான வரலாற்றில் அவருக்கு உயர்ந்த இடமுண்டு. சென் அல்பன்ஸ் நகர மகளிரின் நெஞ்சில் அவருக்கு எத்தகைய இடம் இருந்திருக்கும் என்பதோ வேறு வினா. 1331ஆம் ஆண்டளவில் அவர் நகரத்தாரின் கைத்திரிகைகளையெல்லாம் பறித்தெடுத்து, அக்கற்களை மடத்தின் உரையாடற் கூடத்துக்குத் தளமாகப் பதிப்பித்தார். துறவிகள் நாள்தோறும் அவற்றின்மீது நடந்தனர்.

ஐம்பது ஆண்டுகள் கழிந்தன. 1381ஆம் ஆண்டின் உழவர் கிளர்ச்சியின்போது சென் அல்பன்ஸ் மக்கள் மடத்தினுள்ளே புகுந்தனர். பொன்னும் வெள்ளியும் இருக்க, அவர்கள் கூடத்தின் தளத்தைப் பெயர்த்தனர். திரிகைக் கற்களை உடைத்து, கோயிலில் ஞாயிறுதோறும் பங்கிடப்படும் திருவப்பத்தைப்போல் ஆளுக்கொரு துண்டாகப் பகிர்ந்துகொண்டனர். அம்மடத்தைச் சேர்ந்த தோமஸ் வால்சிங்கம் என்னும் துறவியே இதனை எழுதி வைத்தார். அவர் கிளர்ச்சிக்காரருக்கு நண்பரல்லர் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். கிளர்ச்சி அடக்கப்பட்டது, நகரத்தாருக்குத் தலைமை தாங்கிய வில்லியம் கிரைண்ட்கொப் தூக்கிலிடப்பட்டார். அரைக்க உதவாத அக்கற்றுண்டுகளை வீட்டுக்கு எடுத்துச் சென்றவர்கள், தந்தைமார் இழந்த உரிமையையே மடியிற் கட்டிச் சென்றார்கள் எனலாம். இதை வைத்து நோக்கும்போதே, இருநூறு ஆண்டுகளின்பின் ஹரிசன் தம் வீட்டுத் திரிகையைப் பற்றி எழுதிய சிறு குறிப்பின் நிறைவு புலனாகிறது.

மோல்ட்டை எவ்வாறு அரைத்தல் வேண்டும் என்பதையும் சற்றுக் கூறுதல் நன்று. ஏனெனில் இவ்விடத்தில் அறியாதவர் பெரும்பாலும் தவறுவர். மாவாக அரைத்தால் பயன் கெடும். உமி வெடித்துத் திறக்க வேண்டும், ஆனால் தூளாகிவிடக் கூடாது; உள்ளிருக்கும் பருப்பு குறுநொய்யாக உடைய வேண்டும். வெந்நீரில் ஊறியபின் இனிப்பு நீரை வடிக்கும்போது, அடியிற் படியும் உமிகளே வடிகட்டியாய் நிற்கும். உமி பொடியானால் மா களிபோல் இறுகி, ஒரு சொட்டு நீரும் இறங்காது. நொய்யே படாமல் முழுமணியாகக் கிடந்தாலோ வெந்நீர் உட்புகாது; உழைப்பு வீண். இங்கேதான் உலர்த்தலும் அரைத்தலும் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. ஈரம் எஞ்சிய தானியம் கல்லில் நசுங்கித் தட்டையாகுமேயன்றி உடையாது. சூளையிற் செய்த பிழையைத் திரிகை திருத்தாது.

இனிப் புகையின் வினாவுக்கு மீள்வோம். ஹரிசனுக்குப் பிந்திய நூற்றாண்டில் இங்கிலாந்தில் விறகின் விலை ஏறிற்று. மக்கள் நிலக்கரிக்கு மாறினர். ஆனால் நிலக்கரியின் புகையில் கந்தகமும் தாரும் உண்டு. அதன்மேல் உலர்த்திய மோல்ட்டை வாயில் வைத்தல் அரிது. அப்போது, 1640களை ஒட்டி, நிலக்கரி மலிந்த டார்பி மாவட்டத்தில் மோல்ட் ஆக்குவோர் ஒரு வழி கண்டனர். விறகை மூட்டம் போட்டுக் கரியாக்குவதுபோல நிலக்கரியைக் குவித்து, காற்று மிகாமல் மூடி எரித்து, புகைக்குக் காரணமான பொருள்களை முன்கூட்டியே ஓட்டிவிட்டனர். எஞ்சியது கோக் எனப்படும் கற்கரி. புகையின்றிக் கனன்று நிற்கும் இக்கற்கரியின்மேல் உலர்த்திய மோல்ட் வெளிர்நிறமும் தூய சுவையும் பெற்றது. டார்பியின் மோல்ட்டும் அதில் வடித்த பானமும் இலண்டன்வரை பெயர் பெற்றன. கற்கரியை முதன்முதல் மோல்ட் சூளையில் இட்டவர் யார்? பெயர் எஞ்சவில்லை. பெயர் எஞ்சியது வேறொருவருக்கு.

அவர் ஏபிரகாம் டார்பி. மாவட்டத்தின் பெயரும் மனிதரின் பெயரும் காதுக்கு ஒன்றுபோல் ஒலிக்கும். ஆயினும் ஆங்கிலத்தில் எழுத்து வேறு. 1678ஆம் ஆண்டில் டட்லி நகரருகே குவேக்கர் சமயக் குடும்பமொன்றிற் பிறந்த இவர், பேர்மிங்காம் நகரில் ஜொனதன் பிரீத் என்பவரிடம் தொழில் பயின்றார். என்ன தொழில் தெரியுமா? மோல்ட் அரைக்கும் ஆலைப்பொறி செய்யும் தொழில். பயிற்சி முடிந்து 1699இல் பிரிஸ்டல் நகருக்குச் சென்று, அங்கும் மோல்ட் ஆலை செய்பவராகவே வாழ்க்கையைத் தொடங்கினார். மோல்ட் சூளைகளிற் கற்கரி புரிந்த வேலையை அத்தொழிலிலே வளர்ந்தவர் அறியாதிருக்க முடியாது.

பின்னர் அவர் உலோகம் வார்ப்பதிலே நாட்டம் கொண்டு, மணலச்சில் இரும்புப் பானைகளை வார்க்கும் முறைக்கு 1707இல் அரசின் தனியுரிமைப் பத்திரம் பெற்றார். ஏழை வீடுகளுக்கு மலிவான சமையற் பானை கொடுப்பதே அவர் தொடங்கிய வணிகம். அதற்கு மலிவான இரும்பு தேவை. மரக்கரியில் இரும்பை உருக்குவதோ செலவு மிகுந்தது. நிலக்கரியில் உருக்கினால் கந்தகம் சேர்ந்து இரும்பு நொறுங்கும். கோல்புரூக்டேல் என்னும் பள்ளத்தாக்கில் பழைய ஊதுலையொன்றைக் குத்தகைக்கு எடுத்து, 1709ஆம் ஆண்டில் கற்கரியைக்கொண்டு இரும்பை உருக்கி வெற்றி கண்டார். அவ்விடத்து நிலக்கரியிற் கந்தகம் குறைவாயிருந்ததும் அவருக்குக் கைகொடுத்தது. அவர் மகனின் மனைவி அபையா டார்பி பிற்காலத்தில் எழுதிய கடிதமொன்றில், மாமனார் முதலில் பச்சை நிலக்கரியையே இட்டுத் தோற்றதையும், பின்னர் மோல்ட் உலர்த்துவதற்குச் செய்வதுபோல் அதைக் கற்கரியாக்கி இட்டு வென்றதையும் தெளிவாகக் குறிப்பிடுகிறார். குடும்பத்தார் அக்கடனை மறைக்கவில்லை. பாடநூல்கள்தாம் மறந்துவிட்டன. கைத்தொழிற் புரட்சி என்றதும் மாணவர் டார்பியின் ஊதுலையை எழுதுவர். அதற்குமுன் மயிர்த்துணியின் கீழே எரிந்த கற்கரியை எழுதுவார் இல்லை.

ஊதுலைக் கற்கரி ஒரே நாளில் உலகை மாற்றிவிடவில்லை. ஏனைய இரும்புலைக்காரர் அதைப் பரவலாக ஏற்க ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்றது. ஆனால் 1720களில் கோல்புரூக்டேல் உலை, சுரங்கநீர் இறைக்கும் நீராவிப் பொறிகளுக்கு இரும்பு உருளைகளை வார்க்கத் தொடங்கியது. அதற்குமுன் அவை விலையுயர்ந்த பித்தளையிற் செய்யப்பட்டவை. ஏபிரகாம் டார்பியின் பேரன் காலத்தில், 1779இல், செவேண் ஆற்றின் குறுக்கே வார்ப்பிரும்புப் பாலம் எழுந்தது. அது இன்றும் நிற்கிறது.

இரும்பும் நீராவியும் சுற்றிவந்து மோல்ட் அரைக்கும் இடத்துக்கே திரும்பியதுதான் விந்தை. இலண்டனின் பெரிய வடிசாலைகளிற் குதிரைகள் வட்டமிட்டு ஆலையைச் சுழற்றின. சமுவேல் விட்பிரெட் என்பாரின் வடிசாலையில் 1785ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வாட்டின் நீராவிப் பொறி நிறுவப்பட்டு, குதிரைகளின் வேலையை ஏற்றது. மோல்ட்டை அரைத்தது, நீரையும் இறைத்தது. 1787இல் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரே அரசியோடு வந்து அவ்வடிசாலையைப் பார்வையிட்டார். நூறாண்டுக்கு மேல் உழைத்த அப்பொறி பின்னர் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகர அரும்பொருட் காட்சிச்சாலையைச் சேர்ந்தது. அரைக்கும் கல்லின் இடத்தை நாளடைவில் இரும்பு உருளைகள் பிடித்தன. இரண்டு உருளைகளின் நடுவே மணி அழுந்தும்போது உமி கிழியாமல் வெடிக்கும். நொய் தனியே உதிரும். கல்லைவிட இது சிறந்தது என்பதில் ஐயமில்லை. எட்டுப் புசலுக்குத் தோள் நொந்த பெண்களின் வேலையும் ஒழிந்தது. ஆனால் வேலையோடு, அவ்வேலையின் உடைமையும் வீட்டைவிட்டு வெளியேறிற்று.

சூளையிலும் கணக்கு வந்து சேர்ந்தது. ஜோன் ரிச்சட்சன் என்பவர் 1784இல் வெளியிட்ட நூல், வடிநீரின் வெல்லச் செறிவை அளக்கும் கருவியை வடிசாலைக்காரர்க்கு அறிமுகஞ் செய்தது. அளந்து பார்த்தபோது, கடும் விறகு நெருப்பிற் கருகவைத்த பழுப்பு மோல்ட், வெளிர் மோல்ட்டைவிட மிகக் குறைவாகவே வெல்லம் தருவது தெரிந்தது. விலை மலிவு என்று வாங்கியதே உண்மையில் விலை கூடியது. வெளிர் மோல்ட்டுக்கு மாறினால் கரிய பானத்துக்கு நிறம் எங்கிருந்து வரும்? பிற பொருள்களால் நிறமூட்டுவதை 1816ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அடுத்த ஆண்டே தானியல் வீலர் என்பவர், கோப்பி வறுக்கும் உருளையைப் போன்ற இரும்பு உருளையில் மோல்ட்டைச் சுழற்றி வறுக்கும் முறைக்குத் தனியுரிமை பெற்றார். கரியமோல்ட் சிறிதளவே போதும்; எஞ்சியதெல்லாம் வெளிர் மோல்ட்.

வீட்டுச் சூளையை அணைத்ததிற் பொறிக்கு எவ்வளவு பங்குண்டோ அவ்வளவு பங்கு வரிக்கும் உண்டு. மூன்றாம் வில்லியம் மன்னர் காலத்தில், 1697ஆம் ஆண்டில், மோல்ட்டின்மீது புசலுக்கு ஏறக்குறைய ஆறு பென்சு வரி விதிக்கப்பட்டது. பார்லி ஊறும் தொட்டியிலும் பின் குவியலிலும் அதிகாரிகள் அளவுகோல் வைத்து அளந்தனர். எத்துணை நேரம் ஊறவேண்டும், எப்போது நீர் தெளிக்கலாம் என்பனவெல்லாம் சட்டத்துக்குள் வந்தன. தானியத்தின் முளையைப் பார்த்து முடிவு செய்யவேண்டியதை மணிக்கூட்டைப் பார்த்து முடிவு செய்ய நேர்ந்தது. ஸ்கொட்லாந்தில் 1725ஆம் ஆண்டில் இவ்வரியைப் புசலுக்கு மூன்று பென்சாக விதித்தபோது கிளாஸ்கோ நகரம் கொதித்தெழுந்தது. வரியை ஆதரித்தவர் எனக் கருதப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர் தானியல் கேம்பலின் மாளிகை சூறையாடப்பட்டது. படையினர் சுட்டதிற் பலர் மாண்டனர். இழப்பீட்டை நகரமே கொடுக்க வேண்டியதாயிற்று. கேம்பல் அதற்கு அடுத்த ஆண்டில் ஐலா என்னும் தீவை வாங்கினார். முற்றாநிலக்கரியின் புகையில் மோல்ட்டை வாட்டி, அப்புகைச் சுவையையே சிறப்பாக விற்கும் தீவு அது. ஓரிடத்திற் குற்றமாயிருப்பது வேறோரிடத்தில் அடையாளமாகிவிடுவதும் உண்டு.

நெப்போலியனோடு பொருத காலத்தில் வரி புசலுக்கு நான்கு சிலிங்கையும் கடந்தது. வில்லியம் கொபெற் என்னும் பத்திரிகையாளர் 1821இலும் 1822இலும் பகுதி பகுதியாக வெளியிட்ட குடிசைப் பொருளாதார நூலை வீட்டிற் பியர் வடிக்கும் முறையோடுதான் தொடங்கினார். ஏழைத் தொழிலாளியின் வீட்டிலிருந்து அத்திறமையை விரட்டியது மோல்ட் வரியே என்பது அவருடைய ஓயாத முறையீடு. கொபெற் எதனையும் மிகைப்படுத்திப் பேசும் இயல்பினர். தேநீரைக்கூட அவர் கடுமையாய்ச் சாடியதை இலங்கையர் மன்னிப்பது எளிதன்று. ஆயினும் இவ்வொன்றில் அவர் கூற்றைத் தள்ளிவிட முடியாது. தாய் மகளுக்குக் கற்பிக்காத தலைமுறை ஒன்று கடந்துவிட்டால், வரியை நீக்கினாலும் கைத்திறன் திரும்பி வராது. கிளாட்ஸ்டன் 1880இல் மோல்ட் வரியை நீக்கி வடிநீரின்மீது வரியை மாற்றியபோது, சூளை வைத்திருந்த வீடுகளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. வீட்டில் வடிப்பதற்கென இருந்த அனுமதிப்பத்திர முறையும் 1963ஆம் ஆண்டில் ஒழிந்தது.

அதற்குப் பின்னரே அந்நாட்டிலும் பிற மேலைநாடுகளிலும் சிலர் பொழுதுபோக்காகத் தம் வீட்டிலே பார்லியை முளைகட்டத் தலைப்பட்டனர். அவர்களிடம் மயிர்த்துணிச் சூளை இல்லை. கம்பிவலைத் தட்டுகளில் தானியத்தை மெல்லியதாகப் பரப்பி, விசிறிக் காற்றில் ஈரத்தை முதலில் ஓட்டுகிறார்கள். பின்னர் அடுக்களையிலுள்ள மின்போறணையை மிகக் குறைந்த சூட்டில் வைத்து, நீராவி வெளியேறும்படி கதவைச் சற்றே திறந்துவிட்டு, மணிக்கொருமுறை கிளறிக்கொடுக்கிறார்கள். ஈரம் போனபின்னரே கதவைச் சாத்திச் சூட்டை உயர்த்துகிறார்கள். ஆறியதும் தலையணையுறையில் இட்டுக் குலுக்கி வேர்முளைகளைத் தேய்த்துப் போக்கி, கையாற் சுழற்றும் சிறிய இரட்டையுருளைப் பொறியில் நொறுக்குகிறார்கள். பொறியிற் கொட்டுமுன் ஒரு மணியை எடுத்து நடுவே கடித்து, அது சுண்ணக்கட்டிபோல் எழுதுகிறதா என்று பார்ப்பவர் இன்னும் அவர்களுள் உண்டு.